வாத்து கேட்ட கேள்வி

ஃப்ரீஸ்லாந்தின் ஸ்னேக் ஊரில் கெர்லோஃப் வியர்ஸ்மாவைத் தெரியாத வீடு குறைவு. வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் கொதிகலன்களைப் பழுது பார்க்கிறவன். பனிக்காலத்தில் வீடு சில்லிட்டுப் போனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, "பதறாதீங்க, பாத்துக்கலாம்" என்றபடி உள்ளே வருவான். ஒரு வீட்டில் சுவிட்சையே போடாமல், கொதிகலன் கெட்டுப்போய்விட்டது என்று அழைத்திருந்தார்கள். "எல்லாருக்கும் நடக்கறதுதாங்க" என்று சுவிட்சைத் தட்டிவிட்டு, கொடுத்த காப்பியையும் கூடவே கொடுத்த ஒரே ஒரு பிஸ்கட்டையும் முடித்துவிட்டு வந்தான். தங்கமான மனிதன் என்று தெருவே சொல்லும்.

தெருவுக்கு அவனுடைய கைப்பேசியைப் பற்றித் தெரியாது. அதற்குள் அவன் வேறு ஆள்.

கைப்பேசிக்குள் ஒரு கிரிப்டோ குழு இருந்தது. ஃப்ரீஸ்லாந்து முழுவதிலிருந்தும் ஆட்கள். மாட்டுப்பண்ணைக்காரர்கள், நர்ஸுகள், படகுக் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள், வேலையே இல்லாதவர்கள். அதற்கு அட்மின் கெர்லோஃப். புதிதாக வருகிறவர்களுக்கென்று 'கேள்விகள் இங்கே' என ஒரு பகுதியைத் திறந்து வைத்திருந்தான். பெயர்தான் அப்படி. அங்கே வாயைத் திறந்தவன் தொலைந்தான்.

"வாலட்னா என்னங்க?" என்று ஒரு நர்ஸ் கேட்டால், "பேன்ட் பாக்கெட்ல கைய விட்டுப் பாருங்க" என்று பதில் வரும். "இப்ப வாங்கலாமா, இறங்கட்டும்னு இருக்கலாமா?" என்று பண்ணைக்காரன் ஒருவன் கேட்டால், "உன் மாட்டைக் கேளு, உன்னைவிட அதுக்கு விவரம் ஜாஸ்தி" என்று வரும். உடனே கீழே வரிசையாக முப்பது சிரிப்பு முகங்கள். விலை ஏறுகிற வாரத்தில் அந்தக் குழுவில் எல்லோரும் மேதைகள். இறங்குகிற வாரத்தில் எல்லோரும் ஞானிகள், காசு வெறும் மாயை என்பார்கள். ஒரு நாளாவது ஒருத்தன் "எனக்குத் தெரியலை" என்று எழுதிப் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஒரு தலைவன் வேண்டுமல்லவா, கெர்லோஃப் கிடைத்தான்.

அவன் அப்படி ஆனதற்கும் ஒரு கதை உண்டு. பல வருடங்களுக்கு முன் மைத்துனனின் பிறந்தநாள் வீட்டில், நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் மடியில் கேக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, தான் கொஞ்சம் காயின் வாங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டான். வட்டம் முழுக்கச் சிரித்தது. "விளையாட்டுக் காசுக்கு நிஜக் காசு குடுத்தியா?" என்று மைத்துனன் கேட்டான். எழுந்து போகவும் முடியாது. அந்த வட்டத்தில் யாராவது முதலில் கிளம்பினால் அது ஒரு பேச்சாகும். கேக்கை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிற்பாடு காயின் விலை எங்கேயோ ஏறிப் போயிற்று. சிரித்தவர்கள் ஒருவரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்குப் பட்டதை அன்றிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் தலையில் இறக்கிக்கொண்டிருந்தான்.

குழுவுக்கு அவன் ஒரு விதி போட்டிருந்தான். எதைக் கேட்பதானாலும் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும். தானாக முன்வந்து தனியாகச் செய்தி அனுப்பி உதவுகிறேன் என்கிறவன் திருடன். காயின் கிடக்கும் உன் வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு சொற்களை அவன் கேட்பான். கொடுத்தால் எல்லாம் போயிற்று. விதி நல்ல விதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டால் எல்லோரும் சேர்ந்து கடிப்பார்கள் என்பதுதான் அதில் எழுதப்படவில்லை.

வசந்தத்தின் தொடக்கத்தில் ஒரு நாள், 'வாத்து' என்று பெயர் வைத்துக்கொண்ட யாரோ ஒருத்தி வந்து கேட்டாள்: "காயின் அனுப்பும்போது கடைசியில குறிப்பு எண்ணுன்னு ஒரு கட்டம் வருது. அதை நிரப்பணுமா, சும்மா விட்டுரலாமா?"

நல்ல கேள்வி. காயினை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற சில வகைக் காயின்கள் எல்லோருடையதும் ஒரே பெட்டியில்தான் போய் விழும். எது யாருடையது என்று சொல்வது அந்த எண் மட்டும்தான். "நிரப்புங்க, கட்டாயம்" என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். கெர்லோஃப் எழுதினான்: "கட்டத்தை விடு, முதல்ல கைப்பேசியைக் கீழ விடு. வாத்துக்குக் குளம் போதும்." சிரிப்பு முகங்கள் கொட்டின. அவனுடைய சிஷ்யப்பிள்ளை ரின்சே, படகுகளுக்கு வர்ணம் பூசுகிறவன், "குவாக் குவாக்" என்று எழுதினான். அதன் பிறகு பத்துப் பேர் குவாக் என்றார்கள். "மன்னிச்சுக்கோங்க, தெரியாமத்தான் கேட்டேன்" என்று வாத்து எழுதியது. கெர்லோஃப் அவளைக் குழுவிலிருந்தே தூக்கி எறிந்தான்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மனைவி நின்காவிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். குழுவில் யாரை எப்படி மடக்கினோம் என்று சாப்பிடும்போது ஒப்பிப்பது அவன் வழக்கம். நின்கா வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சிரிப்பு வரலையா உனக்கு?" என்றான்.

"வாய்ல உருளைக்கிழங்கு இருக்கு," என்றாள் நின்கா.

நின்கா முடி திருத்துகிறவள். கால்வாய் ஓரத்தில் பௌக்யா என்ற அம்மாளின் சலூனில் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்து இருபது வருடமாக நின்றுகொண்டிருந்தாள். கால் நரம்பு புடைத்துப்போனதுதான் மிச்சம். வாத்து வந்துபோன சில மாதங்களில் பௌக்யா கடையை விற்றுவிட்டு ஸ்பெயினுக்குப் போய் வெயில் காயப் போவதாகச் சொன்னாள். "உனக்குத்தான் முதல்ல சொல்றேன். நீ எடுத்துக்கிட்டா சந்தோஷம். இல்லேன்னா லேவார்டன்காரங்க கம்பெனி ஒண்ணு கேக்குது. அவங்க வந்தா நாற்காலி வாடகைக்கெல்லாம் விடமாட்டாங்க, சொல்லிட்டேன்" என்றாள். கடை கிடைத்தால் நின்கா முதலாளி. கிடைக்காவிட்டால் அவள் நின்றிருந்த இடமும் போய்விடும்.

நின்கா வங்கிக் கடன் வாங்கலாம் என்றாள். கெர்லோஃப் கேட்கவில்லை.

"வங்கிக்காரன்கிட்டப் போய்ப் பல்லைக் காட்டணுமா? என் காயினை வித்துத் தரேன். உன் சேமிப்புல ஒரு பைசா தொடாதே, அது பத்திரமா இருக்கட்டும்."

"நிஜமாத்தான் சொல்றியா? பௌக்யாகிட்ட வாக்குக் குடுக்கணும். அப்புறம் மாத்திப் பேச முடியாது."

"நான் யாருன்னு நினைச்ச?"

நின்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பௌக்யாவுக்கு வாக்குக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் நோட்டரி அலுவலகத்தில் கையெழுத்து என்று முடிவாயிற்று.

அந்த வாரம் திங்கட்கிழமை, இரண்டு வீட்டு வேலைக்கு நடுவே, கெர்லோஃப் வேனில் உட்கார்ந்து ஒரு கையில் மீன் சாண்ட்விச்சும் ஒரு கையில் கைப்பேசியுமாகக் காயினை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினான். விற்று யூரோவாக்க வேண்டும். அவனுடைய பழைய காயினை அப்படியே அனுப்பினால் கட்டணம் கொஞ்சம் கூடுதல். அவனா கொடுப்பான்? கஞ்சத்தனத்துக்குப் பேர்போன ஃப்ரீஸ்லாந்துக்காரன், அதிலும் கிரிப்டோக்காரன். மலிவாகப் போய்ச் சேருகிற வேறொரு காயினாக மாற்றினான். முதலில் துளி அனுப்பிப் பார், போய்ச் சேர்ந்த பின் மீதியை அனுப்பு என்று குழுவில் தொண்டை வறளக் கத்துகிறவன், மொத்தத்தையும் ஒரேயடியாக அனுப்பினான். கடைசியில் ஒரு கட்டம் வந்தது. பழைய காயினுக்கு அந்தக் கட்டமே வராது. அவன் வாழ்நாளில் அதை நிரப்பியதில்லை. சாண்ட்விச்சிலிருந்து வெங்காயம் மடியில் விழுந்தது. வெங்காயத்தைப் பொறுக்கியபடியே கட்டைவிரலால் 'சரி' என்று அழுத்தினான்.

காயின் போய்ச் சேர்ந்தது. அவன் கணக்கில் மட்டும் ஏறவில்லை.

என்ன செய்துவிட்டோம் என்பது செவ்வாய்க்கிழமை காலையில்தான் உறைத்தது. ஒரு வீட்டுச் சமையலறையில் கொதிகலனின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டான். "உடம்பு சரியில்லையா தம்பி?" என்று அந்த வீட்டுக் கிழவர் கேட்டார். எக்ஸ்சேஞ்சுக்கு எழுதினான். இயந்திரம் பதில் போட்டது: உங்கள் கோரிக்கை கிடைத்தது, சரிபார்க்கப் பல வாரங்கள் ஆகலாம், மீண்டும் எழுதினால் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுவீர்கள். மீண்டும் எழுதினான். அதே பதில் வந்தது.

நின்காவிடம் சொல்லியிருக்கலாம். அவள் சேமிப்பு இருக்கிறதே, அதைப் பௌக்யாவிடம் முன்பணமாகக் கொடுத்து மீதிக்குத் தவணை கேட்கலாம். ஆனால் அதற்கு, கட்டத்தை விட்டுவிட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். வாத்துக் கதையைச் சொல்லிச் சிரித்த அதே மேசையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். வீம்பு பிடித்தவன் வீட்டை எரிய விட்டாலும் விடுவான், தண்ணீர் கேட்க மாட்டான்.

இப்படிச் சிக்கிய காயினைச் சீக்கிரம் மீட்டவர்கள் குழுவில் யாராவது இருப்பார்கள், கேட்டால் தெரிந்துவிடும். தன் பெயரில் எப்படிக் கேட்பது? புதன்கிழமை மதியம், கால்வாய்க் கரையில் மழையில் வேனை நிறுத்திவிட்டு, 'நாரை' என்று ஒரு புதுப் பெயரில் குழுவுக்குள் நுழைந்தான்.

"வணக்கம். குறிப்பு எண் போடாம அனுப்பிட்டேன். சீக்கிரம் திரும்பக் கிடைக்க ஏதாவது வழி இருக்கா? ரொம்ப அவசரம்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "கொக்கு வந்திருக்குடோய்!" என்று ஒருவன் ஆரம்பித்தான். "ஒத்தைக்கால்ல நில்லு, தானா வரும்" என்றான் இன்னொருவன். ரின்சே வந்தான். "கட்டத்தை விட்டவனுக்குக் கைப்பேசி எதுக்கு? நம்ம தலைவர் இருந்தா இந்நேரம் உன்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டிருப்பார். தலைவரே, எங்க இருக்கீங்க, இங்க ஒரு பறவை மாட்டியிருக்கு!"

தலைவர் வேனுக்குள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தனையும் அவன் சொற்கள். 'கட்டத்தை விட்டவனுக்குக் கைப்பேசி எதுக்கு' என்பது அவன் பேச்சைக் கொஞ்சம் மாற்றிப் போட்டது, அவ்வளவுதான். அவன் வளர்த்துவிட்ட வாய்கள் எல்லாம். அவனுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. "தயவுசெஞ்சு யாராவது சொல்லுங்க" என்று எழுதினான். முப்பது சிரிப்பு முகங்கள் வந்து விழுந்தன.

அப்போது தனியாக ஒரு செய்தி வந்தது.

"வணக்கங்க. அவங்க பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. தெரியாததைக் கேக்கறது தப்பே இல்ல. என்ன ஆச்சுன்னு நிதானமா சொல்லுங்க."

திருடன். பார்த்ததுமே தெரிந்தது. இப்படி வந்த எத்தனையோ பேரைப் பேசவிட்டு, அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுக் கும்மாளம் அடித்தவன் கெர்லோஃப். அந்த ஆளை பிளாக் செய்யத்தான் விரல் போனது. ஆனால் அந்த மூன்று நாளில் அவனிடம் யாரும் 'நிதானமா சொல்லுங்க' என்று சொல்லியிருக்கவில்லை. விரல் வேறு எதையோ எழுதியது. "நன்றி. கட்டத்தை விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை மனைவிக்குப் பணம் குடுக்கணும். அவகிட்ட இன்னும் சொல்லலை."

"எல்லாருக்கும் நடக்கறதுதாங்க. உங்க மேல தப்பில்ல. ராத்திரி தூங்கினீங்களா?"

"இல்ல," என்று எழுதினான் கெர்லோஃப்.

"நான் சரி பண்ணித் தரேன். உங்க வாலட்டோட பன்னிரண்டு வார்த்தையை மட்டும் அனுப்புங்க, சரிபார்க்கத்தான்."

அங்கே விழித்துக்கொண்டான். அந்த ஆளை பிளாக் செய்தான், நாரை என்ற கணக்கையும் அழித்தான். ஒரு திருடனிடம் நன்றி சொல்லிவிட்டோம் என்ற அசிங்கம் அவனைப் போட்டுப் பிடுங்கியது. அதைவிட அசிங்கமான உண்மை, அந்த வாரத்தில் அவனிடம் மனிதன் மாதிரிப் பேசியது அந்தத் திருடன் ஒருவன்தான்.

வியாழக்கிழமை சாயங்காலங்களில் குழுவின் உள்ளூர்க்காரர்கள் கால்வாய்ப் பாலத்தடிக் கடையில் பீரோடு உட்காருவார்கள். கெர்லோஃப் போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனான். வறுத்த இறைச்சி உருண்டைத் தட்டைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ரின்சே எழுந்து ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை நீட்டி, "தயவுசெஞ்சு யாராவது சொல்லுங்க" என்று நாரை போல நடித்தான். கடையே அதிர்ந்தது.

"நேத்து எங்க போயிட்டீங்க தலைவரே? நல்ல வேட்டையை விட்டுட்டீங்களே!"

"வேலை இருந்துச்சு."

"நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? சொல்லுங்க, சொல்லுங்க!"

எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின. கடுகுச் சாஸ் ஒழுகும் வாய்களோடு காத்திருந்தன. கெர்லோஃப் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது. "குவாக்," என்றான். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். இந்த நாய்களிடம் சொல்வதைவிட நின்காவிடம் சொல்லி அவள் காலில் விழுந்துவிடலாம் என்று தோன்றியது.

வீட்டில் கேல் கீரையும் உருளைக்கிழங்கும் மசித்து, மேலே சாசேஜ் வைத்துத் தட்டுகள் தயாராக இருந்தன. நின்கா புதுச் சட்டை ஒன்றை நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டிருந்தாள். நாளைக்கு நோட்டரி முன்னால் போட்டுக்கொள்ள.

"நின்கா, உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

உட்கார்ந்தாள். அவன் தட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். வேன், சாண்ட்விச், கட்டம், எக்ஸ்சேஞ்சின் பதில். நாரையைச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் அளவுக்கு அவனுக்குத் துணிச்சல் இல்லை.

"காசு எங்கயும் போகலை, திரும்ப வந்துரும். கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். இப்போதைக்கு உன் சேமிப்பைப் பௌக்யாகிட்ட முன்பணமாக் குடுத்துரலாம். மீதிக்கு ரெண்டு மாசம் தவணை கேப்போம். உன் முகத்துக்காக ஒத்துக்குவாங்க."

நின்கா முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"நின்கா?"

"சேமிப்பு இல்ல."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்ல. வசந்தத்துலேயே போயிருச்சு."

அவன் முகம் சிவந்தது. "எப்படிப் போகும்? வங்கியில தானே இருந்துச்சு?"

"வங்கியில வச்சா கரைஞ்சு போயிரும், வங்கியில வைக்கறவன் மடையன்னு தினமும் இந்த மேசையில நீதானே சொன்ன? அதான் எடுத்துக் காயினா மாத்தினேன். உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு நினைச்சேன். எவ்வளவு அசடு பாரு. அப்புறம் அதை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பணும். கடைசியில ஒரு கட்டம் வந்துச்சு."

கெர்லோஃப் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"உன்கிட்ட வந்தேன். நீ சோபாவுல படுத்துக்கிட்டுக் கைப்பேசியைப் பாத்துட்டு இருந்த. கெர்லோஃப், இந்தக் குறிப்பு எண்ணுன்னா என்னன்னு கேட்டேன். தலையைக்கூடத் தூக்கலை. எல்லாம் குரூப்புல எழுதியிருக்கு, போய்த் தேடுன்னு சொன்ன. சரின்னு போனேன். ஒரு பேரு வைக்கச் சொல்லிச்சு. ஜன்னல் வழியா பாத்தேன், கால்வாய்ல வாத்து நீந்திட்டிருந்துச்சு."

மசியல் ஆறிக்கொண்டிருந்தது. அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"அன்னிக்குச் சாயங்காலம் சாப்பாட்டுல அந்தக் கதையை என்கிட்டயே சொன்ன. சிரிப்பு வரலையான்னு வேற கேட்ட. கடுகுச் சாஸ் பாட்டிலை எடுத்துக் குடுன்னு சொன்ன, குடுத்தேன்."

"நின்கா, நீன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா..."

"நான்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்ட. தெரியும். வேற ஒருத்தின்னா சொல்லலாம், அப்படித்தானே?" அவள் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நீ என்னைத் தூக்கி எறிஞ்சதும் ஒரு ஆள் தனியா எழுதினான். எவ்வளவு மரியாதையா எழுதினான் தெரியுமா? அவங்க பேசினதை மனசுல வச்சுக்காதீங்க, தெரியாததைக் கேக்கறது..."

"தப்பே இல்ல," என்றான் கெர்லோஃப். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நின்கா நிமிர்ந்து பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்தது போலத்தான் இருந்தது, ஆனால் அவள் கண்ணில் இரக்கம் இல்லை. இருபது வருடம் நின்ற கால்களை மேசைக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள்.

"பன்னிரண்டு வார்த்தையும் குடுத்தேன். அவ்வளவுதான்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே. கேட்டிருக்கலாமே, நின்கா!"

"கேட்டேன் கெர்லோஃப். முதல்ல உன்கிட்டதான் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன்."

அவனுடைய கைப்பேசி மேசையில் கிடந்து அதிர்ந்தது. குழுவில் யாரோ புதிதாக ஏதோ கேட்டிருந்தார்கள். சிரிப்பு முகங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. நின்கா அதை ஒரு விரலால் நகர்த்திவிட்டுத் தன் கைப்பேசியை எடுத்துப் பௌக்யாவை அழைத்தாள். மேசையில் வைத்துச் சத்தமாகவே பேசினாள்.

"பௌக்யா, நான்தான். நாளைக்கு வேண்டாம். லேவார்டன்காரங்களுக்கே குடுத்துருங்க."

"என்னடி சொல்ற?" பௌக்யாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "என்ன ஆச்சு? உன் வீட்டுக்காரர் மொத்தத்தையும் வச்சிருக்கார்னு சொன்னியே? பணம் எங்க?"

நின்கா கைப்பேசியை எடுத்து கெர்லோஃபின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கேக்கறாங்க," என்றாள். "நீதானே எல்லாருக்கும் பதில் சொல்றவன். சொல்லு."